ஓசோன் கருவிகளை வீடுகளுக்கு விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓசோன் கருவிகளைத் தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் வணக்கம்.

குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் ஓசோன் பிரிவில் வேலை பார்க்கிறவன் நான். அந்த வாயுவின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. நீரைச் சுத்தம் செய்வதில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது சம்பாதித்து வைத்திருக்கும் நல்ல பெயரைக் காட்டி, ஆட்கள் மூச்சுவிடும் அறைக்குள் அதே வாயுவைத் திறந்துவிடும் கருவிகளை நீங்கள் விற்கிறீர்கள். பெரிய நகரங்களின் குடிநீரையே சுத்தம் செய்யும் ஓசோன் உங்கள் படுக்கையறைக் காற்றைச் சுத்தம் செய்யாதா என்று கேட்கும் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனது பதறுகிறது. நீரில் என்ன நடக்கிறது, காற்றில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். உங்களிடம் கேட்க வேண்டியதைப் பிறகு கேட்கிறேன்.

1857-ல் வெர்னர் வான் சீமன்ஸ் மின்சாரத்தைக் கொண்டு ஓசோன் தயாரிக்கும் குழாயை உருவாக்கினார். இன்றைய பெரிய கருவிகளும் அடிப்படையில் அந்த வழியில்தான் வேலை செய்கின்றன. இரண்டு மின்வாய்களுக்கு நடுவே ஒரு மின்காப்புப் பொருள், குறுகலான இடைவெளி, உயர் மின்னழுத்தம். அந்த இடைவெளி வழியாக ஆக்சிஜனை அனுப்பினால் மூலக்கூறுகள் பிளந்து, மூன்று அணுக்கள் சேர்ந்த ஓசோனாகக் கொஞ்சம் மாறும். பிரான்சின் நீஸ் நகரம் 1906 முதல் தன் குடிநீருக்கு ஓசோனைப் பயன்படுத்தத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1893-ல், நெதர்லாந்தின் அவுட்ஸ்ஹோர்னில் அந்த முயற்சி நடந்திருக்கிறது. ஆக, இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை, ரகசியத் தொழில்நுட்பமும் இல்லை. இதன் பலமும் பலவீனமும் நன்றாகவே அலசப்பட்டவை.

பலம் எவ்வளவு என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குடிநீரில் கலந்து, ஏறக்குறைய 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அந்த நீரில் குளோரின் இருந்தது. இருந்தும் பயனில்லை. அந்த ஒட்டுண்ணி கனமான ஓட்டுக்குள் இருப்பதால் வழக்கமான அளவு குளோரின் அதை ஒன்றும் செய்யாது. எங்கள் துறையில், மருந்தின் செறிவையும் அது கிருமியோடு இருக்கும் நிமிடங்களையும் பெருக்கி வரும் எண்ணைக் கொண்டுதான் கிருமிநீக்கத்தை அளப்போம். அந்த எண் சிறிதாக இருந்தால் மருந்து வலுவானது என்று பொருள். கிரிப்டோஸ்போரிடியத்தில் 99.9 சதவீதத்தை ஒழிக்க நீச்சல்குளங்களில் குளோரினுக்குச் சொல்லப்படும் எண் 15,300. ஓசோனுக்கு 20 டிகிரி செல்சியஸ் நீரில் ஏறக்குறைய 12. இந்த வேறுபாட்டை நினைத்தால் இத்தனை ஆண்டு வேலைக்குப் பிறகும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. மில்வாக்கியும் பிறகு ஓசோனுக்கு மாறியது.

கிருமி மட்டுமல்ல. நீரில் கரைந்திருக்கும் இரும்பையும் மாங்கனீசையும் வடிகட்டக்கூடிய துகளாக மாற்றும். பாசியால் வரும் மண்வாடையைக் குறைக்கும், பழுப்பு நிறத்தை எடுக்கும். உப்பையோ நைட்ரேட்டையோ ஃபுளோரைடையோ அது நீக்காது. ஆனாலும் பல நிலையங்களில் ஓசோன் செய்யும் இத்தனை வேலைகளையும் வேறொன்றால் எளிதில் செய்ய முடியாது.

இப்போது அதே நிலையத்துக்குள் வந்து, அந்த வாயுவை நாங்கள் எப்படி வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். ஓசோன் நீரோடு கலக்கும் தொட்டி கான்கிரீட்டால் முழுக்க மூடப்பட்டது. அடியிலிருந்து நுண்ணிய குமிழிகளாக வாயு மேலேறும், நீர் அதற்கு எதிர்த்திசையில் இறங்கும். கரையாமல் தப்பி மேலே சேரும் வாயுவை உறிஞ்சி எடுத்து, அதிகச் சூட்டிலோ வினையூக்கியின் மேலோ செலுத்தி, திரும்ப ஆக்சிஜனாக்கிய பிறகுதான் வெளியே விடுவோம். தொட்டிக்குள் காற்றழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். சின்ன விரிசல் இருந்தாலும் காற்று உள்ளே போக வேண்டும், வாயு வெளியே வரக் கூடாது என்பதற்காக. ஓசோன் தயாரிக்கும் அறையில் வாயுவை அளக்கும் கருவிகள் தரைக்குப் பக்கத்தில் பொருத்தப்பட்டிருக்கும், ஏனென்றால் ஓசோன் காற்றைவிடக் கனமானது. பத்து லட்சத்தில் 0.1 பங்கு, அதாவது 0.1 பிபிஎம் தொட்டால் அலாரம் அடிக்கும். இன்னும் கொஞ்சம் ஏறினால் உற்பத்தி தானாக நின்றுவிடும், எல்லோரும் வெளியேறுவோம். மறுபடி உள்ளே போகிறவர் அளவு பார்த்துவிட்டுத்தான் போவார்.

தொட்டியைத் தாண்டியும் வேலை முடிவதில்லை. ஓசோன் பெரிய கரிமப் பொருட்களைச் சின்னச் சின்னதாக உடைத்துவிடும். அவை பாக்டீரியாவுக்கு நல்ல தீனி. எனவே அடுத்து ஒரு கரி வடிகட்டி வேண்டும், அதில் வளரும் நல்ல நுண்ணுயிர்கள் அந்தத் தீனியைத் தின்று தீர்க்க. ஓசோன் நீரில் நிலைக்காது, சாதாரணக் குடிநீரில் சில பத்து நிமிடங்களில் பாதியாகிவிடும். வீடு வரை போகும் குழாய்களில் பாதுகாப்பாக இருக்க, கடைசியில் கொஞ்சம் குளோரினோ குளோரமைனோ சேர்த்தே ஆக வேண்டும். மூல நீரில் புரோமைடு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றும். புற்றுநோய்க்கு வாய்ப்புள்ள பொருள் என்பதால் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் அது போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அதை அளந்துகொண்டே இருக்கிறோம்.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் காட்டுகிற அந்த நகரக் குடிநீரில், ஓசோனின் வெற்றி என்பது இந்தச் சுவர்களும் குழாய்களும் அலாரங்களும் சேர்ந்ததுதான். கிருமியின் மேல் ஓசோன் பாய வேண்டும், மனிதரின் மூச்சில் அது கலக்கவே கூடாது. இரண்டையும் பிரித்து வைக்க முடிகிற இடம் என்பதால் நீரில் அது நல்லது. உங்கள் கருவி இருக்கும் அறையில் அந்தச் சுவர் எங்கே?

ஓசோன் கிருமியின் உறையைக் கிழிப்பது அதிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் ஆக்சிஜனேற்றம் செய்துதான். நம் மூச்சுக்குழாயின் உட்பூச்சும் கொழுப்பும் புரதமும் தான். வாயுவுக்கு ஆளை அடையாளம் தெரியாது. அதுவும் ஓசோன் நீரில் குறைவாகவே கரையக்கூடியது. கந்தக டையாக்சைடு போன்ற வாயுக்கள் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்திலேயே பெரும்பாலும் கரைந்து நின்றுவிடும், ஓசோனோ நுரையீரலின் ஆழமான கிளைகள் வரை போய்விடும். இருமல், மூச்சை ஆழமாக இழுத்தால் நெஞ்சுவலி, மூச்சுக்குழாயில் அழற்சி, நுரையீரலின் திறன் குறைவது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கிளம்புவது. இவை நகரப் புகைமூட்டத்தில் உள்ள ஓசோனைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து உறுதி செய்யப்பட்டவை. உங்கள் பெட்டியிலிருந்து வருவதும் அதே மூலக்கூறுதான்.

சரி, குறைவாக விட்டால் ஆபத்தில்லை, கிருமியும் சாகும் என்று நீங்கள் சொல்லக்கூடும். எண்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. வேலையிடங்களில் எட்டு மணி நேரத்துக்கு அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 0.1 பிபிஎம். மருத்துவக் கருவி என்ற பெயரில் வருகிறவை, ஆட்கள் இருக்கும் மூடிய இடத்தில் 0.05 பிபிஎம்முக்கு மேல் ஓசோனைச் சேரவிடக் கூடாது என்பது அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தின் விதி. அந்த விதியிலேயே இன்னொன்றும் இருக்கிறது: ஓசோன் கிருமிநாசினியாக வேலை செய்ய வேண்டுமென்றால், மனிதரும் விலங்குகளும் பாதுகாப்பாகத் தாங்கக்கூடிய அளவைவிட மிக அதிகமாக இருந்தாக வேண்டும். ஆளுக்கு ஆகாத அளவில்தான் கிருமி சாகிறது, ஆளுக்கு ஆகிற அளவில் கிருமிக்கு ஒன்றும் ஆவதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பயந்துபோயிருந்த குடும்பங்களுக்கு இந்தக் கருவிகளை விற்றபோது, இந்த ஒரு வரியை யாராவது அவர்களிடம் சொன்னீர்களா?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 12 சதுர மீட்டர் பரப்பும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள அறையில் 30 கன மீட்டர் காற்று இருக்கும். 0.05 பிபிஎம் ஓசோன் என்றால் கன மீட்டருக்குச் சுமார் 0.1 மில்லிகிராம். முழு அறைக்கும் சேர்த்து வெறும் 3 மில்லிகிராம். உங்கள் கருவி மணிக்கு 50 மில்லிகிராம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரிலும் துணியிலும் பட்டுக் கொஞ்சம் அழியும், கதவிடுக்கு வழியே கொஞ்சம் வெளியேறும். ஒவ்வொரு மணி நேரமும் அறைக்காற்றின் மூன்றரை மடங்கு சுத்தமாவதற்குச் சமமாக இந்த இழப்பைத் தாராளமாகவே வைத்துக் கணக்கிட்டாலும், அறையில் நிலைக்கும் செறிவு ஏறக்குறைய 0.24 பிபிஎம் வரும். எங்கள் நிலையத்தில் அலாரம் அடிக்கும் அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மணிக்கு 10,000 மில்லிகிராம் என்பதைப் பெருமையாகப் போட்டு விளம்பரம் செய்யும் கருவிகளும் சந்தையில் இருக்கின்றன. அதை வாங்குகிறவர் எண் பெரிதாக இருந்தால் நல்ல கருவி என்று நினைத்துத்தான் வாங்குகிறார்.

அடுத்து, நாற்றம் போகிறது என்ற வாதம். சில நாற்றப் பொருட்களை ஓசோன் உடைப்பது உண்மை. ஆனால் அறையில் இருப்பது அது மட்டுமா? எலுமிச்சை மணமுள்ள தரை துடைக்கும் திரவத்தில் லிமோனீன் இருக்கிறது. அது ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு உருவாகும், கூடவே கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களும் உருவாகும். சுவரில் படிந்த சிகரெட் நிகோடினோடு சேர்ந்தாலும் அப்படித்தான். மனிதத் தோலின் எண்ணெயில் ஸ்குவாலீன் என்ற பொருள் இருக்கிறது, அதையும் ஓசோன் விடாது, உடைத்து வேறு சேர்மங்களைக் காற்றில் கலக்கும். அதாவது அறையில் ஆள் உட்கார்ந்திருந்தாலே ஓசோனுக்கு வினைபுரிய ஒரு பரப்பு கிடைத்துவிடுகிறது. மறுபக்கம், உண்மையாகவே ஆபத்தான கார்பன் மோனாக்சைடை அது அறை வெப்பநிலையில் தொடுவதே இல்லை என்று சொல்லலாம். தூசி, மகரந்தம், புகைத்துகள் எதையும் காற்றிலிருந்து எடுக்காது. அவற்றுக்கு நல்ல வடிகட்டியும் திறந்த ஜன்னலும் தான் வழி.

மூக்கை நம்ப முடியாது என்பதையும் வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஓசோனின் கூரிய வாடை மிகக் குறைந்த அளவிலேயே தெரியும், ஆனால் கொஞ்ச நேரத்தில் மூக்கு அதற்குப் பழகிவிடும். வாடை மறைந்துவிட்டது என்று நினைத்து உட்கார்ந்திருப்பார்கள், செறிவு ஏறிக்கொண்டே இருக்கும். புதுமழைக்குப் பிந்தைய காற்று என்று நீங்கள் எழுதும் அந்த வாசனை மேல் இருக்கும் நம்பிக்கைதான் இங்கே எதிரியாகிறது.

கடைசியில் ஆக்சிஜனாகிவிடும், எச்சம் ஏதும் இல்லை என்பது உங்கள் கையேடுகளில் தவறாமல் வரும் வாக்கியம். ஆகும்தான். கருவி ஓடிக்கொண்டிருக்கும்வரை அழிவதற்கு ஈடாகப் புதிதாக வந்துகொண்டே இருக்கும் என்பது அந்தக் கையேட்டில் இல்லை. வினைபுரிந்து உருவான ஃபார்மால்டிஹைடு ஆக்சிஜனாக மாறாது என்பதும் இல்லை.

காற்றில் ஓசோனுக்கு இடமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. தீ விபத்து நடந்த கட்டடத்தில் சுவர்களில் ஏறிய புகைநாற்றத்தைப் போக்க, பயிற்சி உள்ளவர்கள் ஆட்களையும் வளர்ப்புப் பிராணிகளையும் செடிகளையும் வெளியேற்றி, கதவைப் பூட்டி, எச்சரிக்கைப் பலகை வைத்து ஓசோன் விடுவதுண்டு. ரப்பர் பொருட்களையும் எடுத்துவிடுவார்கள், ஓசோன் பட்டால் ரப்பரில் விரிசல் விழும். பிறகு காற்றோட்டம் கொடுத்து, அளந்து பார்த்து, அப்புறம்தான் ஆட்களை உள்ளே விடுவார்கள். இதுவும் எங்கள் தொட்டி போலத்தான், அந்தக் கட்டடமே அப்போது மூடிய தொட்டியாகிவிடுகிறது. இதற்கென்று கருவி விற்கிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. அதே கருவியைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கலாம் என்று விற்பவர்களோடுதான்.

காய்கறி, பழம் கழுவும் ஓசோன் கருவிகளைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியாக வேண்டும். உணவுத் தொழிற்சாலைகளில் ஓசோன் நீர் நன்றாகவே பயன்படுகிறது, அமெரிக்கா 2001-ல் உணவுப் பொருட்களோடு அதைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தது. அங்கே கரைந்த அளவை அளக்கிறார்கள், மேலெழும் வாயுவை வெளியே இழுத்து விடுகிறார்கள். வீட்டில் திறந்த பாத்திரத்தில் குழாயைப் போட்டுக் குமிழி விட்டால், கரைவது கொஞ்சம், மிச்சமெல்லாம் பாத்திரத்தின் மேல் குனிந்து நிற்பவர் முகத்துக்கு நேராக வருகிறது. பூச்சிமருந்து முழுவதும் போய்விடும் என்ற உறுதிமொழியும் சரியில்லை. எந்த மருந்து, தோலின் மேலே இருக்கிறதா உள்ளே ஊறியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. குளோர்பைரிஃபாஸ், மாலத்தியான் போன்ற கந்தகம் கொண்ட ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகளை ஓசோன் முதலில் ஆக்ஸான் என்ற வடிவத்துக்கு மாற்றக்கூடும். அந்த வடிவம் மூல மருந்தைவிட நச்சு மிகுந்தது. வினை முழுமையாக நடந்தால் அதுவும் உடையும், பாதியில் நின்றால்? வீட்டில் இருப்பவருக்கு அதை அளந்து பார்க்க வழி ஏது?

இனி உங்களிடம் கேட்பது.

ஆட்கள் இருக்கும் இடத்தில் ஓட்டுவதற்கென்று ஓசோன் கருவி விற்பதை நிறுத்துங்கள். இதுதான் முதலும் முக்கியமானதும். கலிஃபோர்னியாவில் 2010 முதல், வீட்டுக் காற்றுச் சுத்திகரிப்பான்கள் 0.05 பிபிஎம்முக்கு மேல் ஓசோன் வெளியிடவில்லை என்று சோதித்துச் சான்று பெற்றால்தான் விற்க முடியும். அங்கே விற்க அந்தச் சோதனைக்கு உட்படும் நிறுவனங்கள் மற்ற இடங்களில் விற்கும் மாடல்களையும் அதே சோதனைக்குக் கொடுக்கலாமே. நுரையீரல் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அயனியாக்கி, பிளாஸ்மா, புற ஊதா விளக்கு என்று வேறு பெயர்களில் விற்கும் கருவிகளும் இதில் அடக்கம். அவற்றில் பல, நோக்கம் வேறாக இருந்தாலும், பக்க விளைவாக ஓசோனை உண்டாக்குகின்றன. புற ஊதா விளக்கில் 254 நானோமீட்டர் அலைநீளம் கிருமியை அழிக்கும், 185 நானோமீட்டர் கதிரோ காற்றிலுள்ள ஆக்சிஜனை ஓசோனாக்கும். அந்தக் கதிரை வெளியே விடாத கண்ணாடியில் செய்த விளக்குகள் கிடைக்கின்றன. எந்த விளக்கைப் போட்டிருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. பெட்டியின் மேலேயே எழுதுங்கள்.

எழுதும்போது ஓசோன் என்றே எழுதுங்கள். செறிவூட்டிய ஆக்சிஜன், இயற்கைப் புத்துணர்ச்சி என்றெல்லாம் போட்டால், ஆஸ்துமா உள்ள குழந்தையின் தாய் எதைப் பார்த்து வேண்டாம் என்று முடிவு செய்வார்? மணிக்கு எத்தனை மில்லிகிராம் வெளிவருகிறது, எத்தனை கன மீட்டர் அறையில் சோதித்தீர்கள், அங்கே செறிவு எவ்வளவு வரை ஏறியது என்ற மூன்று எண்களும் வெளியில் தெரிய வேண்டும். ஆளில்லாத அறைக்கான கருவி என்றால், வெளியிலிருந்தே இயக்கவும் நிறுத்தவும் வசதி, தானாக நிற்கும் டைமர், எத்தனை மணி நேரம் காற்றோட்டம் கொடுத்த பிறகு உள்ளே போகலாம் என்ற தெளிவான குறிப்பு, இவை இல்லாமல் கடையை விட்டு அது வெளியே போகக் கூடாது. நீருக்கான வீட்டுக் கருவி செய்கிறீர்கள் என்றால் மூடியுள்ள பாத்திரமும், தப்பும் வாயுவை உடைக்கும் வினையூக்கி வடிகட்டியும் சேர்த்தே கொடுங்கள். விலை கூடும். பரவாயில்லை, அது இல்லாமல் அந்தக் கருவி முழுமையான கருவியே இல்லை.

ஏற்கெனவே விற்றுவிட்டவையும் இருக்கின்றன. வாங்கியவர்களில் பலரது தொடர்பு விவரம் உங்களிடம் பதிவாகியிருக்கும். ஆள் இருக்கும்போது ஓட்ட வேண்டாம் என்று அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பப் பெரிய செலவு ஆகாது. குழந்தைகளும் முதியவர்களும் மூச்சுக்கோளாறு உள்ளவர்களும் இருக்கும் வீடுகளுக்கு முதலில் அனுப்புங்கள். பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் விற்றிருந்தால், செய்தியோடு நிற்காமல் ஆளையே அனுப்பி அந்தக் கருவிகள் எந்த அறையில், எந்த நேரத்தில் ஓடுகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நான் எழுதியதில் எந்த எண் தவறென்று உங்கள் பொறியாளர்கள் நினைத்தாலும், உங்கள் சோதனை அறிக்கையோடு எல்லோரும் பார்க்கும்படி பதில் எழுதுங்கள். வரிக்கு வரி படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
குடிநீர் சுத்திகரிப்பில் பணிபுரியும் ஒருவன்